அப்பாவை எழுப்பாமல் விரிப்பு மாற்றியவள்

அந்த வீட்டில் இருந்தது ஒரே மெத்தை, அதுவும் தரையில். பகல் முழுக்க அதில் அப்பாதான் ராஜா. அவருக்கு இரவுக் காவல் வேலை. பகல் தூக்கம் கெட்டால் இரவில் வாசல் கேட்டருகே தூங்கி விழுவார், வேலைக்கே உலை. வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சி தரும் மையத்தில் மகள் சேர்ந்தபோது, வீட்டுப்பாடத்தை அப்பாமேல்தான் செய்தாள். ஆளை எழுப்பாமல் ஒருக்களித்துப் புரட்டி, பழைய விரிப்பைச் சுருட்டி, புதியதை நுழைக்க வேண்டும். ஆறு மாதத்தில் கை நன்றாகப் பழகிவிட்டது.

ஆனாலும் பரீட்சையில் கோட்டை விட்டாள். கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மையை லாவகமாகத் தள்ளிப் புரட்டினாள். அது அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. தரையில் படுக்கும் அப்பா எங்கே விழப்போகிறார்? அந்தப் பயமே அவளுக்குத் தெரியாது.

"நோயாளி காலி. அடுத்த ஆள் வாங்க," என்றார் ஆசிரியை.

இன்னும் ஒரே வாய்ப்பு, வெள்ளிக்கிழமை. அதிலும் தவறினால் ஆஸ்பத்திரி வேலை வேறொருத்திக்கு.

"அழுதா பொம்மை எழுந்து கட்டில்ல ஏறிடுமா? நகருடி," என்றாள் அம்மா. இரண்டு வாளி, இரண்டு குடம், எல்லாவற்றிலும் விளிம்புவரை தண்ணீர் பிடித்து மெத்தையின் அந்தப் பக்கத்தை ஒட்டி வரிசையாக வைத்தாள்.

"ஐயோ அம்மா, அப்பா நனைஞ்சிடுவாரு!"

"நனையட்டும். அவர் குளிச்சு ரெண்டு நாளாச்சு."

முதல் நாள் அப்பாவின் கை வாளிக்குள் போனது. "மழையா?" என்று கேட்டுவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார். அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது: அந்தப் பக்கம் தள்ளக்கூடாது, தன் பக்கம் இழுக்க வேண்டும். வியாழக்கிழமை ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

வெள்ளிக்கிழமை கட்டிலில் பொம்மை இல்லை. விழுந்ததில் அதற்குக் கை கழன்றிருந்தது. பதிலுக்கு மையத்தின் வேன் டிரைவர் படுத்திருந்தார்.

"பாத்து செய்யும்மா, எனக்கு ரெண்டு கையும் வேணும்."

"கண்ணை மூடுங்கண்ணே. வீட்ல இருக்கற மாதிரி நெனச்சுக்கோங்க."

வேலை முடிந்ததும் ஆசிரியை விரிப்பைத் தடவிப் பார்த்தார். ஒரு சுருக்கமில்லை. "எழுந்திருங்கண்ணே," என்றார். டிரைவரிடமிருந்து குறட்டைதான் வந்தது.

"பாஸ்," என்றார் ஆசிரியை, தன்னை அறியாமலேயே குரலைத் தாழ்த்தி.

வீட்டில் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஏங்க, கேட்டீங்களா..." என்று ஆரம்பித்தவளின் வாயை மகள் பொத்தினாள்.

"ஆறு மணிக்கு அவரே எழுந்திருப்பாரும்மா. அப்ப சொல்லு."

"அதுவரைக்கும் என் வாய் தாங்காதுடி," என்ற அம்மா செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.