ஊதிப் பார்த்த கறுப்புப் பொடி

எங்கள் ஊரில் பீங்கான் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அரைத்த கல்மாவு வந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்ப்பார்கள். பிறகு ஊதிவிடுவார்கள். நெறுநெறுக்காமல் புகைபோலப் பறந்தால் மாவு நைஸ் என்று அர்த்தம். என் கணவர் அரைவைப் பகுதியில் வேலை செய்தவர். கடையில் வாங்கிவரும் மிளகாய்த்தூளைக்கூட அப்படித்தான் பார்ப்பார். அந்த அரைவைத் தூசி அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மொட்டைமாடிக்கு ஏறுவதற்குள் நடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறார்.

எங்கள் மகள் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. வெயிலைக் கொண்டு உப்புத் தண்ணீரைக் குடிநீராக்குவது அவள் வேலை. மரத்தூள் கலந்து சுட்டால் பீங்கான் தகட்டில் நுண்ணிய ஓட்டைகள் விழும். அப்படிப்பட்ட தகடுகளை இங்கே ஒரு சூளையில் சுட்டு வாங்குவதற்காகக் கோடை விடுமுறையில் வந்திருந்தாள். தகட்டின் மேல் மிக நுண்ணிய கரிப்பொடியைப் பூசி, உப்புத் தண்ணீரில் தெர்மாகோல் மேல் மிதக்கவிட வேண்டும். தண்ணீர் முழுவதும் கொதிக்க வேண்டியதில்லை. ஓட்டைகள் வழியே மேலே ஏறும் தண்ணீர் மட்டும் வெயிலில் சூடாகி ஆவியாகும். சாய்வான கண்ணாடியில் படிந்து பாட்டிலில் வடியும். உப்பு கீழேயே நின்றுவிடும்.

மொட்டைமாடியில் மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு பொடி பாட்டிலைத் திறந்தாள்.

"லேப்புல கண்ணாடிப் பொட்டிக்குள்ள கைய வுட்டுத்தான் இத எடுப்போம். வூட்டுக்கு இது போதும்மா" என்றாள்.

மெல்ல ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். "நைஸா இருக்குதா பாப்பா?"

"நைஸா? ஒங்க கம்பெனி மாவெல்லாம் இதுக்கு முன்னாடி ஜல்லிக்கல்லுப்பா."

"அடிங்க! என்னா பேச்சு பேசுது பாரு" என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவருக்குக் காட்டத்தான் அதைச் செய்தாள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள். ஒரு சிட்டிகை எடுத்தாள், தேய்த்தாள், ஊதினாள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்த பழக்கம். எதிர்க்காற்று அடித்தது. பொடி அவள் முகத்திலேயே வந்து விழ, திடுக்கிட்டு மூச்சை இழுத்துவிட்டாள். மூக்கைச் சுற்றிக் கறுப்பு. முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

கீழே அழைத்துப்போய்க் கழுவினேன். மூக்கை ஈரத்துணியால் துடைத்தேன். துணி கறுப்பாக வந்தது. மறுபடி துடைத்தேன், மறுபடியும். கடைசியில் வெள்ளையாகவே வந்தது. அப்போதும் என் கை நிற்கவில்லை.

"போதும்மா. கண்ணுக்குத் தெரியறது எல்லாம் போயிடுச்சு" என்றாள்.

அந்த வார்த்தை எனக்குள் அப்படியே நிற்கிறது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். என்ன பொடி என்று கேட்டார். அவள் சொன்னாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல. இருமல் வந்தா வாங்க" என்றார்.

"வராம இருக்க என்னாங்க பண்ணணும்?" என்று கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவரின் எக்ஸ்ரேக்களைப் பார்ப்பவரும் அவர்தான்.

அவள் சென்னைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் திரும்பவும் கேட்டேன். உள்ளே போனது என்ன செய்யும்?

"ஒரே ஒரு தடவதானேம்மா. அதப்பத்தி இன்னும் ஆராய்ச்சி நடந்துகிட்டுதான் இருக்குது."

"நீயும் ஆராய்ச்சிதானே பண்ற?"

"நான் தண்ணியப் பத்திப் பண்றேன்மா" என்றாள். போயிட்டு வரேன் என்று ஏறிவிட்டாள்.

பூசி முடித்த தகடு மாடியில் மிதக்கிறது. அவள் சொன்னபடி தினமும் காலையில் போர்வெல் தண்ணீரில் கல்லுப்பு கரைத்து ஊற்றுகிறேன். வெயில் ஏறியதும் கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து வடிகிறது. தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. போட்டோ அனுப்பினால் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நேற்றும் போனில் அதைப் பற்றியே பேசினாள். நான் பேச்சைக் கேட்கவில்லை. பேச்சுக்கு நடுவில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்ப இருமுனியா?"

"சிரிச்சேன்மா!"

பக்கத்தில் அவர் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, தன் இருமலை அடக்கியபடி, அவள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார்.