தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்த அப்பா

ரேடியோ சூடாகும்போது ஒரு வாசனை வரும். வால்வுகளின்மேல் படிந்த தூசி கருகும் வாசனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது மூக்கில் ஏறியதுமே என் கண் சமையலறைக் கதவுக்கு ஓடும். போன வாரம் செம்பூரில் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் பையன், "தினம் அரைமணி கர்நாடக சங்கீதம் கேளுங்கோ மாமி, மனசு சாந்தமாகும்" என்றான். யாருடைய மனசு என்று கேட்க வாய் வரை வந்தது.

அறுபதுகளில் மாடுங்காவில் நாங்கள் இருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் வீட்டில் மட்டும்தான் ரேடியோ. எல்லா வாசலுக்கும் பொதுவான நீண்ட நடையை "காலரி" என்போம். ஞாயிறு கச்சேரி தொடங்கும் நேரத்துக்கு மாமிகள் அரிவாள்மணையும் காயுமாக எங்கள் ஜன்னலடியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "ஒங்காத்துல ஞாயித்துக்கெழமைன்னா கோயில் மாதிரின்னா இருக்கு" என்பாள் பக்கத்து வீட்டுப் பங்கஜம் மாமி. அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அப்பா நல்ல ரசிகர். அதில் நான் பொய் சொல்லக்கூடாது. ராக ஆலாபனை கேட்டால் கண்ணில் நீர் தளும்பும், பாட்டு முடியும்வரை தொடையில் தாளம் போட்டபடி நாற்காலியை விட்டு அசையமாட்டார். மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் விட்டதும் சபைகளில் பாதிப்பேர் காப்பிக்கு எழுந்து போவது வழக்கம். என் அப்பா அம்மாவை அடிக்க எழுந்தார்.

வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த குற்றங்களுக்கு அன்றுதான் தீர்ப்பு: ரசத்தில் உப்பு, அறுந்த சட்டைப் பித்தான், பால்காரனிடம் சிரித்துப் பேசியது. வெளியே இருப்பவர்களுக்காக என்பதுபோல் சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டு, தாழ்ப்பாள் உடைந்த சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கூந்தலைப் பிடித்து அம்மாவைச் சுவரில் மோதுவார், கரண்டிக் காம்பால் விளாசுவார், விழுந்தவளை உதைப்பார். "அடியாத மாடு படியாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வேதம். மிருதங்கத்தின் அடியில் இந்த அடி வெளியே கேட்காது. தனி முடியும் நேரம் அவருக்குத் தெரியும். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்து "பேஷ்" என்பார். ஜன்னலுக்கு வெளியே மாமிகளும் "பேஷ்" என்பார்கள். அவர்களையும் நான் வெறுத்தேன்.

எனக்குப் பத்து வயதான வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவிடுக்கு வழியே பார்த்தபோது அம்மாவின் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்று செத்துவிடுவாள் என்று தோன்றிவிட்டது. ஓடிப்போய் ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கினேன். மிருதங்கம் நின்றது அப்பாவுக்கு உறைப்பதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்தது. அந்த இரண்டும், "செத்துத் தொலைடி" என்ற அவர் குரலும் காலரி முழுக்கக் கேட்டன. அரிவாள்மணைகள் ஓய்ந்தன.

கரண்டியோடு அப்பா என்னை நோக்கி வருவதற்கும் பங்கஜம் மாமி உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நேரே சமையலறைக்குப் போய் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, தன் தலைப்பால் ரத்தத்தை ஒற்றியபடி, அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னாள்: "ரேடியோவை இனிமே சின்னதாவே வைங்கோ. நாங்க ஜன்னலண்டையேதான் இருப்போம். எல்லாம் நன்னாக் கேக்கும்."

அடுத்த ஞாயிறும் மாமிகள் வந்தார்கள். தனி தொடங்கியதும் நறுக்குவதை நிறுத்திவிட்டு எல்லாரும் ஜன்னலையே பார்த்தார்கள். நாற்காலிக் கையை இறுகப் பிடித்தபடி அப்பா அன்றுதான் ஒரு தனியை முழுதாகக் கேட்டார். அவர் திருந்திவிடவில்லை, கை ஓங்கத்தான் செய்தார். ஆனால் காலரிப் பக்கம் பார்த்துவிட்டு இறக்கிவிடுவார்.

அந்தக் கட்டடம் இன்று இல்லை. அந்த இடத்தில் நிற்கும் இருபது மாடியில் காலரியும் கிடையாது, கதவைச் சாத்திவிட்டால் பக்கத்து வீட்டில் கொலையே விழுந்தாலும் தெரியாது. அம்மாவின் இடது காது கடைசிவரை கேட்கவில்லை. அப்பா போனபிறகும், எங்கே பாட்டுக் கேட்டாலும் அவள் இடப்பக்கத்தை அதற்குக் காட்டித் திரும்பி உட்காருவாள். ஏனம்மா என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்தக் காதால கேட்டா நிம்மதியா இருக்குடி" என்றாள்.

டாக்டரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கின்றன.