நாற்பத்திரண்டு படிகள்

பலேர்மோ நகரின் அந்தப் பழைய நீதிமன்றத்தை இரண்டு வருடம் கழுவித் துடைத்தவள் நான். தெருவிலிருந்து மேல்கூடம்வரை நாற்பத்திரண்டு சலவைக்கல் படிகள், இரண்டு பக்கமும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள். நூறு வருடத்துக்கு முன் கட்டியவர்கள் வேண்டுமென்றேதான் அவ்வளவு உயரம் வைத்தார்கள். நியாயம் கேட்டு வருபவன் மூச்சு வாங்கிக்கொண்டு, கூனிக் குறுகி வரவேண்டுமாம். நீதிபதிகளோ பின்பக்கச் சின்னக் கதவால் நுழைந்து லிஃப்டில் போவார்கள். கால் ஏலாதவர்கள் கேட்டால் காவலாளி அவர்களையும் அதில் ஏற்றிவிடுவான். இது வெளியாட்களுக்குத் தெரியாது, கழுவுகிற எங்களுக்குத் தெரியும்.

பிறகு கால்சாப் பகுதியில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பணக்காரச் சீமாட்டி வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் அவளுடைய முத்துத்தோட்டைக் காணவில்லை. நான்தான் எடுத்தேன் என்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டாள். வழக்கு முடியும்வரை என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க மாட்டார்கள். இங்கே இருப்பதற்கான அந்த அனுமதி இல்லாமல், கொழும்பில் தங்கையோடு விட்டுவந்த என் ஏழு வயது மகளைக் கூப்பிட முடியாது. இவள் நாசமாய்ப் போகவேண்டும் என்று மாதாவிடம் முழங்காலில் நின்று கேட்டேன்.

ஜூலைக் கடைசி நாள் முற்பகல், வழக்கு எந்த மட்டில் என்று விசாரிக்கப் போனேன். படிகளின் அடியில் சிஞ்ஞோரா நின்றாள், முழங்கால் வீங்கியிருந்தது.

"நீ இங்கே வேலை செய்தவள்தானே, மேலே போக வேறு வழி இருக்கிறதா?" என்று கேட்டாள்.

அவளுடைய மாளிகையிலும் லிஃப்ட் இருந்தது. வேலைக்காரிகள் அதில் ஏறக்கூடாது. தண்ணீர்ப் போத்தல்களை நாலு மாடிக்கும் பின்படிக்கட்டால்தான் சுமந்தேன்.

"இல்லை சிஞ்ஞோரா. இந்தப் படி மட்டும்தான்."

வந்த அலுவலை மறந்து கீழே நின்று பார்த்தேன். பத்துப் படிக்கு ஒருதரம் நின்றாள். தூணில் சாய்ந்தாள். கண்மை கரைந்து கன்னத்தில் ஒழுகியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவள் மேலே போய்ச் சேரவும், பன்னிரண்டு மணிக்கு மேல்கூடத்து அலுவலகத்தைப் பூட்டவும் சரியாக இருந்தது. மறுநாளிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை நீதிமன்றத்துக்கு விடுமுறை. நொண்டிக்கொண்டு இறங்கி வந்தவள் என் முன்னால் நின்றாள்.

"தோடு பழைய கோட்டின் உள்துணிக்குள் கிடந்தது. முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கத்தான் வந்தேன்" என்றாள்.

பின்னேரம் என் மனுசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"லிப்ட் இருக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? பிள்ளை பாவமெல்லே?"

"ஓம், சொல்லியிருக்கலாம். நாளைக்குக் கேட்டாலும் சொல்லமாட்டன்."

ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசிக்கு வந்தாள்.

"அம்மா, நான் எப்ப வாறது?"

"கந்தோரைப் பூட்டிப்போட்டாங்களம்மா."

"ஏனம்மா பூட்டினவங்கள்?"

லீவு என்றேன். மிச்சத்தை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.