அட்மின் மட்டும் எழுதலாம்

இதெல்லாம் நடப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே அண்ணன் என்னிடம் வந்து கேட்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைச் சொல்வதில் நேர்மை இருக்காது.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஒரு லேபில் ரத்தம் எடுப்பதும் பரிசோதிப்பதும் என் வேலை. எங்கள் சபைக்கு நான் செயலாளரும்கூட. அண்ணன் என்று சொல்வது கூடப் பிறந்தவரை அல்ல. மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், சபையில் எல்லோருக்கும் அண்ணன். மைக்கும் ஸ்பீக்கரும் அவர் பொறுப்பு. கொரோனாவில் சர்ச் பூட்டிக்கிடந்தபோது, யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டு, ஞாயிறு ஆராதனையை நேரலையில் ஓட்டினார். சபைக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தவரும் அவரே. காலை வணக்கம், ரோஜாப்பூ, ஓட்டுக் கேட்கும் வீடியோ என்று ஆளாளுக்குப் போட்டு ஒரு நாள் பெரிய சண்டையாகிவிட, அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று அவர் மாற்றி வைத்தார். அட்மின் அவர் ஒருவர்தான். அதன் பிறகு சண்டை இல்லை. யாருக்கு என்ன அறிவிக்க வேண்டுமானாலும் அவருக்குச் சொன்னால் போதும், ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

அன்று அவர் லேபுக்கு வந்தபோது ஒரு கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். குழந்தை வீறிட்டு அழுதது.

"அம்மா, உங்க போனைக் கொஞ்சம் எடுங்க. உங்களையும் அட்மின் ஆக்கிடறேன். பாஸ்வேர்டெல்லாம்கூட எழுதிக்குங்க" என்றார்.

"எதுக்குண்ணே? நீங்க இருக்கீங்க இல்ல?"

"இருக்கேன். இருந்தாலும் ஒரே ஆளுகிட்ட எல்லாம் இருக்கக் கூடாதும்மா. பியூஸ் போனா எல்லா வூடும் இருட்டாயிடும்."

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்ணே" என்றேன்.

குழந்தை அழுதது உண்மைதான். ஆனால் அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்றும் இருந்தது. என் மெசேஜை ஏன் போடவில்லை, அவருடையதை ஏன் போட்டீர்கள் என்று நாளெல்லாம் போன் வரும். அதை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் பாடகர் குழுவோடு பேசுகிறவளைப்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, குளித்துவிட்டு வந்து சட்டைக்குப் பொத்தான் போடும்போது கீழே விழுந்துவிட்டார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் வரவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் அண்ணியும் பாஸ்டரும் போனார்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. எங்கள் பாஸ்டர் மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணன் இல்லாமல் அவருக்கு இந்த ஊரில் ஒரு தெருவும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் பாஸ்டர் போன் செய்தார். "சிஸ்டர், நாளைக்கு மலை ஆராதனை. நான் இங்கேருந்து நகர முடியாது. வரலன்னு அவங்களுக்குச் சொல்லிடுங்க."

வெள்ளிமலையைத் தாண்டி, ஜீப் மட்டும் போகிற ஒரு ஊரில் எங்கள் சபையின் கிளை இருக்கிறது. பதினைந்து குடும்பம் இருக்கும். மாதம் ஒரு சனிக்கிழமை பாஸ்டர் போய்த் திருவிருந்து கொடுத்துவிட்டு வருவார். ஊருக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் ஏறினால்தான் மெசேஜ் வந்து விழும். குரூப்பைத் திறந்தேன். கடைசியாக அண்ணன் புதன்கிழமை போட்ட அறிவிப்பு இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மலையில் ஆராதனை, ஒரு குழந்தையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டையும் உண்டு, எல்லோரும் ஜெபித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே, நாம் எழுதும் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில், அட்மின் மட்டுமே எழுத முடியும் என்று ஒரு வரி.

நான் அந்த வரியை அழுத்திப் பார்த்தேன். எத்தனை முறை அழுத்தினேன் என்று தெரியாது.

அண்ணனுக்குத்தான் மலையில் நாலைந்து பேருடைய நம்பர் தெரியும். அது அவர் போனில் இருந்தது. போன் சார்ஜ் இறங்கி அவர் வீட்டில் கிடந்தது. பாஸ்டரிடம் இருந்த ஒரே நம்பரைக் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. குரூப்பில் இருந்தவர்களின் நம்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிப் பேர் பெயருக்குப் பதில் வசனம் வைத்திருந்தார்கள். மீதிப் பேரின் படத்தில் ரோஜா. இதில் மலைக்காரர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு குத்துமதிப்பில் ஏழெட்டு நம்பருக்குப் போட்டேன். எடுத்தவர்கள் எல்லாம் மலைக்குக் கீழே சின்னசேலம், நைனார்பாளையம் பக்கத்து ஆட்கள். "அண்ணனுக்கு எப்டி இருக்குதுங்க?" என்றுதான் கேட்டார்கள்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்து நானே மலைக்குப் போயிருக்கலாம். லேபில் மாற்று ஆள் இல்லை, மழை வேறு பிடித்துக்கொண்டது, வெள்ளிமலையில் இறங்கினாலும் ஜீப் கிடைக்குமா தெரியாது. இப்படிக் காரணங்களை அடுக்கிக்கொண்டேன். பத்து மணி ஆனபோது கடிகாரத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், பிறகு கலைந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணனின் போனைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன். திரையில் கோடு இழுத்துத் திறக்கிற பூட்டு. அண்ணிக்கு அது தெரியாது. "அவரு போனை நான் எடுத்ததே இல்லம்மா" என்றார். அண்ணனின் இடது கையில் போனை வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆள்காட்டி விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். தவறு என்றது. இன்னொன்று. அதுவும் தவறு. வலது கைக்குப் பழகிய கோடு இடது கைக்கு வரவில்லையா, அல்லது அந்தக் கோடே மறந்துவிட்டதா, எங்களுக்குத் தெரியவில்லை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு முப்பது விநாடி பொறுக்கச் சொல்லி எண் குறைந்துகொண்டே வந்தது. அவர் வாயைத் திறந்தார். "அது... அது..." என்றார். அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிஞ்சியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

அண்ணி போனைப் பிடுங்கினார். "போதும்மா. பச்ச புள்ளைய பரீச்சை வெக்கற மாரி பண்ணாதீங்க."

வெளியே வந்ததும் அவரே சிம்மைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார். "அவருக்கு சபைதான் எல்லாம். நீங்க எப்டினா பண்ணிக்குங்க" என்றார். மறுநாள் கள்ளக்குறிச்சியில் செல்போன் கடைக்காரர் ஒரு பழைய போனில் அந்த சிம்மைப் போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தார். எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வந்தது, போட்டோம். அதற்கு மேல் ஆறு இலக்க ரகசிய எண் ஒன்று கேட்டது. அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பாதுகாப்பென்று இரண்டாவது பூட்டும் போட்டிருந்தார். அண்ணியைப் போனில் கேட்டு, கல்யாண நாள், ரிட்டயர் ஆன நாள் எல்லாம் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் சரியில்லை. "ஏழு நாள் பொறுக்கணுங்க. அப்புறம் அந்த நம்பர் இல்லாமயே தொறக்கும்" என்றார் கடைக்காரர்.

ஏழு நாளும் சபை ஊமையாகக் கிடந்தது. ஞாயிறு நேரலையும் இல்லை. அதற்கும் பாஸ்வேர்டு அண்ணனிடம்தான். படுக்கையில் கிடந்து ஆராதனை பார்க்கிற ஒரு பெரியவர் வீட்டிலிருந்து போன் செய்து, "எங்க டிவியில இன்னா கோளாறுன்னே தெரீல" என்றார்கள். கோளாறு அவர்கள் டிவியில் இல்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அடுத்த புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் திறந்தது. அண்ணனின் போன் திறக்காமலே கிடந்ததால் இத்தனை நாள் வந்து சேராமல் நின்றிருந்த மெசேஜ்கள் வரிசையாக விழுந்தன. ஒரே நம்பரிலிருந்து நாலு குரல் பதிவுகள். எல்லாம் அந்தச் சனிக்கிழமை மலையில் பதிவு செய்தவை. மற்றவருக்கு வந்ததைக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டேன்.

"அண்ணே, தோத்தரம். கொழந்தையோட அப்பா பேசறேன். எல்லாரும் வந்து குந்திக்கினு இருக்காங்க. வெள்ளிமலை தாண்டிட்டீங்களா?"

அடுத்தது: "மணி பதினொன்னு ஆவுதுண்ணே. ஜீப்பு கெடைக்கலியா? ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் வண்டி எடுத்துக்கினு வந்து பாஸ்டரை ஏத்திக்கினு வந்துடறேன்."

மூன்றாவதில் மழைச் சத்தமும் குழந்தை சிணுங்குவதும் கேட்டன. "சோறு ஆக்கி வெச்சிட்டு யாருமே துன்னாம இருக்காங்கண்ணே. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணட்டும்ன்றாங்க."

நாலாவது ஒரு பெண் குரல். "அண்ணே, நாங்க கெளம்பறோம். கேரளா வண்டிய வுட்டா எஸ்டேட்ல வேலை போயிடும். உங்க மேல கோவம் இல்லண்ணே. நீங்க சொல்லாம இருக்கற ஆளு கெடையாது. உங்களுக்கு இன்னாமோ ஆயிடுச்சுன்னு இவரு சொல்லிக்கினே இருக்காரு. எல்லாரும் முட்டி போட்டு உங்களுக்காக ஜெபம் பண்ணிட்டுதான் எழுந்தோம்."

டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன். அந்த நம்பரைக் கூப்பிட்டேன். குழந்தையின் அப்பா எடுத்தார். கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அண்ணன் இப்ப எப்டிக்கா இருக்காரு? சாப்பிடறாரா?" என்று மட்டும் கேட்டார். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த குழந்தையாம். பிரதிஷ்டை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்றேன். "அடுத்த லீவுக்குதான்க்கா." லீவு எப்போது? "தெரீலக்கா."

அந்தப் படபடப்பில் நான் இன்னொரு தவறும் செய்தேன். குரூப்பில் முதல் வேலையாக என்னையும் பாஸ்டரையும் அட்மின் ஆக்கினேன். அதுவரை சரி. ஞாயிறு ஆராதனை அறிவிப்பை என் போனிலிருந்து போட்டிருக்க வேண்டும். கையிலிருந்த போனிலேயே, அண்ணனின் நம்பரிலிருந்தே போட்டுவிட்டேன். அனுப்பி ஒரு நிமிடம் ஆகவில்லை, போன் அடிக்க ஆரம்பித்தது.

"அண்ணே! உங்க மெசேஜ் பாத்தேன்! கர்த்தர் எழுப்பிட்டாரு இல்ல?" ஒரு அம்மாவின் குரல், அழுகையும் சிரிப்புமாக.

"அண்ணன் இல்லம்மா. நான் பேசறேன்."

அன்று சாயங்காலம் வரை எத்தனை பேருக்கு அதையே சொன்னேன் என்று கணக்கில்லை. ஒவ்வொருவரின் சந்தோஷத்தையும் நான்தான் பறிக்க வேண்டியிருந்தது. அறிவிப்பை அழித்துவிட்டு, என் பெயரில் விளக்கம் போட்டேன். அப்படியும் அந்தச் செய்தி அதற்குள் வேறு ஊர்களுக்கும் போயிருந்தது. திருக்கோவிலூரிலிருந்து ஒரு குடும்பம், அண்ணன் எழுந்துவிட்டார் என்று நம்பி, பழமும் மாலையுமாகப் புதுச்சேரிக்கே போய்விட்டது. கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்களாம். அண்ணிதான் வாங்கி ஜன்னலில் வைத்தாராம். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாதம் ஒன்று கழித்து அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். பிடித்துக்கொண்டால் உட்கார முடிந்தது. பேச்சில் மாற்றமில்லை. ஒரு ஞாயிறு மதியம் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, நானும் அட்மின் ஆயிட்டேன். பாஸ்டரும்தான்" என்று சொல்லி, அவர் சிம் போட்டிருந்த அந்தப் பழைய போனில் குரூப்பைத் திறந்து காட்டினேன்.

அவர் இடது கையால் போனை வாங்கிக்கொண்டார். விரலால் மெல்லத் தள்ளித் தள்ளி எதையோ தேடினார். என் பெயர் வந்ததும் நிறுத்தி, அதன்மேல் தட்டினார். என்னைப் பார்த்தார். "அது... அது..." என்றார்.

"மலைக்கு எதுனா சொல்லணுமாண்ணே?"

தலையை அசைத்தார். இல்லை.

"நேரலைக்குப் புதுசா ஒரு சேனல் ஆரம்பிச்சிட்டோம். அதைக் கேக்கறீங்களா?"

இல்லை.

"என் மேல வருத்தமாண்ணே?"

அதற்குத் தலையை ஆட்டவில்லை. என் பெயரை மறுபடி தட்டினார். "அது" என்று குரலை உயர்த்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் எனக்குத் தோன்றியதையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை. கடைசியில் கை தளர்ந்து போன் அவர் மடியில் விழுந்தது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணி அவர் வாயோரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, "வுடுங்கம்மா. தெனம் என்கிட்டயும் இப்டித்தான். நான் இன்னான்னு கண்டேன்?" என்றார். எனக்குக் காபி போட உள்ளே போனார். நான் போனை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.