கடைசி வட்டத்தில் நின்றுபோன போன்

முதலில் உள்ளங்கையில்தான் தெரியும்... அந்தச் சூடு. போனின் பவுச்சைக் கழற்றிவிட்டு, துப்பட்டாவை மடித்து அடியில் கொடுத்துப் பிடித்துக்கொள்வேன்.

ஊரடங்குக் காலம். படூர் அபார்ட்மென்ட். கல்லூரிப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் வகுப்பெடுத்து முடித்துவிட்டு, சாயங்காலம் எதிர் வீட்டுச் செல்வியோடும் நெம்மேலியில் இருந்த அவள் தங்கையோடும் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவேன். நாற்பதைத் தாண்டியபின் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகம் அது... சிரிக்காதீர்கள்.

போன், கடையில் இருந்ததிலேயே மலிவானது. "நீ வாட்ஸ்அப் தானே பாக்கப்போற? இதுவே ஜாஸ்தி" என்று என் கணவர் தேர்ந்தெடுத்தது. வாங்கியது என் சம்பளத்தில்.

கேம் அப்டேட் கேட்கும்போதெல்லாம் போனில் இடம் இருக்காது. உறவினர்கள் அனுப்பிய குட்மார்னிங் ரோஜாக்களை உட்கார்ந்து அழிப்பேன். கிராபிக்ஸைக் குறைத்தால் எதிரியும் புதரும் ஒன்றுபோலத் தெரியும். மைக்கைப் போட்டால் கேம் திக்கித் திக்கி ஓடும்; அணைத்துவிடுவேன்.

"டீச்சரம்மா நம்ம கூடல்லாம் பேசுவாங்களா?" என்று செல்வி தங்கையிடம் சொல்வது எனக்குக் கேட்கும். பதில் சொல்ல வழியில்லை.

அதற்கடுத்து வந்த பொங்கலுக்கு அசோசியேஷனில் போட்டி வைத்தார்கள். நாங்கள் மூவரும் ஒரே அணி. கடைசி வட்டம்; ஆடும் இடம் சுருங்கிச் சுருங்கி அவ்வளவுதான் மிச்சம். செல்வியும் தங்கையும் குண்டு பட்டு விழுந்தாயிற்று, நான் மட்டும் பாக்கி. சுவருக்குப் பின்னால் எதிரி. பார்த்துவிட்டேன். சுடும் பட்டனை அழுத்தினேன்.

திரை அப்படியே நின்றது...

மறுபடி அசைந்தபோது நான் செத்துக் கிடந்தேன்.

"இன்னாக்கா, சுடுவீங்கன்னு பாத்தா செலை மாரி நின்னுகினு கீறீங்க!"

"போன் நின்னுடுச்சு செல்வி."

"தோத்தா அல்லாரும் போனத்தான் சொல்வாங்க. வுடுக்கா, வயசாச்சுல்ல."

கூடியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும்.

அடுத்த வாரம் என் இடத்தில் செல்வியின் மச்சினன் ஆடினான். அவனிடம் விலை உயர்ந்த போன் இருந்தது. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேமுக்கு அழைப்பு வருவது மட்டும் நின்றது. என் கைதான் மெதுவோ என்று கொஞ்ச நாள் நானே நம்பினேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

இப்போது நல்ல போன் வாங்கியிருக்கிறேன். அது சூடாவதில்லை, நடுவில் நிற்பதில்லை. செல்வி குடும்பம் படூரை விட்டுப் போய்விட்டது. கேமில் அவள் பெயர், ஆட வராதவர்களுக்குரிய சாம்பல் நிறத்தில் அப்படியே கிடக்கிறது.

போன வாரம், முகம் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து ஆடி, கடைசி ஆளாக நின்று ஜெயித்தேன்.

ஹாலில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சொல்ல எழுந்தேன்... உட்கார்ந்துவிட்டேன்.

"போன் நல்ல போனாச்சே, அதான்" என்பார்.