வட்டத்தில் எழுபத்தெட்டாவது கல்

அன்று அங்கே நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் நின்றார். போர்மேன் நின்றார். கேட்டை விட்டு நகரக் கூடாத வாட்ச்மேனும் வந்து நின்றார். என் கொழுந்தன் வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். சரவெடி பின்னுகிற பெண்கள் பதினாறு பேர். ஊருக்கு வாக்கப்பட்டு வந்து ஒன்பது நாளான ஒரு புதுப்பெண். அவள் மாமியார். நான்.

சாமி இல்லை. சாமியை அதற்கு முன்பே ரோட்டோரம் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கள் ஊர் விஸ்வநத்தத்துக்குத் தெற்கே. கரிசல் மண். ஊருக்கு மேற்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது, அதுதான் சாமி. முகம் கிடையாது, எழுத்து கிடையாது. எந்தக் காலத்துக் கல் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை ஜீப்பில் வந்தவர்கள் ரொம்பப் பழசு என்று சொல்லி போட்டோ எடுத்தார்கள். பலகை வைக்கிறோம் என்றார்கள். வைக்கவில்லை.

அந்தக் கல்லைச் சுற்றி வட்டமாகச் சின்னக் கற்கள். எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வருகிறவள் பிறந்த ஊரில் இருந்து கைக்கு அடங்குகிற ஒரு கல் கொண்டு வரவேண்டும். ஒன்பதாம் நாள் அதற்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, வட்டத்தின் கடைசியில் வைக்கவேண்டும். பிறகு முதல் கல்லில் இருந்து சத்தமாக எண்ணிக்கொண்டே சுற்றி வரவேண்டும். தன் கல்லுக்கு என்ன எண் வருகிறதோ அது அவள் எண். வைத்த கல்லை யாரும் தொடக் கூடாது. செத்தவள் கல்லும் இருக்கும். புருஷன் வேண்டாம் என்று தீர்த்துக்கொண்டு போனவள் கல்லும் இருக்கும்.

அங்கே விளக்கு ஏற்றுவதில்லை. சூடம் கொளுத்துவதில்லை. தண்ணீரும் மஞ்சளும்தான்.

நான் சாத்தூர்ப் பக்கம். ஆற்றுக்கல் கொண்டு வந்தேன். என் எண் அறுபத்தொன்று. என் கொழுந்தன் பெண்டாட்டி மேற்கே மலையடிவாரத்துக்காரி. அவள் கொண்டு வந்தது வெள்ளைக்கல். வெயில் பட்டால் உப்பு மாதிரி மின்னும். அவள் எண் எழுபத்தெட்டு. எண்ணி முடித்ததும் என்னைப் பார்த்து, "யக்கா, ஒங்களவிட என் கல்லு செவப்பா இருக்குல்ல" என்றாள். நான் கருப்பு. அவளும் கருப்புதான்.

பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெடிமருந்து ரூமில் வேலை பார்த்தாள். ஒரு நாள் அந்த ரூம் இல்லை. அவளும் இல்லை. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கவில்லை. அதனால் வீட்டில் மாட்ட ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டார்கள். கொழுந்தன் வெள்ளிக்கிழமை ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வட்டத்துக்குப் போவான். அவ்வளவுதான்.

பிறகு அந்த இடத்தை நான் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி வாங்கியது. வேலியைத் தள்ளிப் போட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் அட்டை குடோன் கட்டவேண்டும் என்றார்கள். அந்த இடம்தான் வட்டம் இருந்த இடம்.

மேனேஜர் கெட்ட மனுஷர் இல்லை. சாமியைச் சும்மா பிடுங்கக் கூடாது என்று ஊரில் ஆண்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஆண்கள் சரி என்றார்கள். ஆண்களுக்கு அங்கே கல் கிடையாது. நல்ல நாள் பார்த்து, பூசாரி வைத்து, மாலை போட்டு, மேளம் அடித்து, நடுவில் இருந்த கல்லைப் பெயர்த்து ரோட்டோரம் கொண்டுபோனார்கள். டைல்ஸ் ஒட்டி, கம்பிக்கதவு போட்டு ஒரு அறை கட்டியிருந்தார்கள். உள்ளே டியூப்லைட். எங்களுக்கும் ரூமுக்கு ரூம் பொங்கல் வந்தது. சாப்பிட்டோம். சாயங்காலம் கேட்டுக்கு வரும்போதுதான் பார்த்தோம். சுற்றியிருந்த சின்னக் கற்களை ஜேசிபி ஒரே அள்ளாக அள்ளியிருந்தது. டிராக்டரில் ஏற்றி ஓடைக்கரையில் கொட்டியிருந்தார்கள்.

மேனேஜரிடம் போனோம்.

"அண்ணாச்சி, எங்க கல்லு எங்க?"

"அதான் ரோட்டுல ராசா மாதிரி வச்சிருக்கே. போய்க் கும்பிடுங்க."

"அது இல்ல. சுத்தியிருந்தது."

"அது வெறும் சல்லிக்கல்லு. சாமிய எடுத்தாச்சு, சல்லி எதுக்கு?"

ஒருத்தி கேட்டாள், "நாங்க சல்லியா அண்ணாச்சி?"

அவர் சிரித்தார். "சரி, ஓடையில கெடக்கு. எது ஒங்க கல்லுன்னு கண்டுபிடிச்சு வீட்டுக்குக் கொண்டு போங்க."

கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்துச் சொன்னார். கரிசலில் கல் விளையாது. சுக்காங்கல் கிடக்கும், அழுத்தினால் உதிர்ந்துவிடும். உதிராத கல் அந்தக் குவியலில் கிடந்தால் அது ஒரு பொம்பளையுடையது. ஆற்றுக்கல், செங்கல்நிறக் கல், வரி ஓடின கல், எண்ணெய் தடவினது மாதிரிக் கருங்கல். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தோண்டினோம். மஞ்சள் சில கற்களில் இன்னும் இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுபோனோம்.

கேட்டில் ஒரு போர்டு உண்டு. தீப்பெட்டி, பீடி, செல்போன், நைலான் சேலை உள்ளே கூடாது. வாட்ச்மேன் எங்கள் ஊர்க்காரர். முதல் நாள் என் தூக்குச்சட்டிப் பையைத் திறந்து பார்த்தார்.

"இது என்ன மதினி?"

"கல்லு."

"எதுக்கு?"

"போர்டுல கல்லு கூடாதுன்னு போட்டிருக்கா, வாசிச்சுச் சொல்லுங்க. நான் மூணாம் கிளாஸு."

அவர் திரும்பி நின்று முழுசாக வாசித்தார். "போடல."

"அப்ப விடுங்க."

கல்லும் கல்லும் உரசினால் பொறி வரும். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவேண்டாம். துணியில் சுற்றி ஆளுக்கு ஒன்றுதான் கொண்டுவந்தோம். மருந்து ரூம் பக்கம் ஒரு கல்லும் போகவில்லை. கேட்டில் நுழைந்து, கல்லை வட்டத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவி வேலைக்குப் போவோம். நான்காம் நாள் வாட்ச்மேன் பையைத் திறக்கவில்லை. "இன்னைக்கு என்ன, கல்லுக் கொழம்பா? எனக்குக் கொஞ்சம் எடுத்து வைங்க" என்றார்.

எண்ணி எண்ணிச் சுற்றினதில் எந்தக் கல் எந்த எண் என்று எங்களுக்கு மனப்பாடம். ஆறு நாளில் தொண்ணூற்று ஒன்று வைத்தோம். தொண்ணூற்று இரண்டு இருக்கவேண்டும். எழுபத்தெட்டு இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு அடுத்ததை வைத்தோம். கொழுந்தன் தனியாக ஓடையில் இரண்டு நாள் தேடினான்.

அதற்குள் குடோனுக்குக் கயிறு கட்டி சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். கோடு எங்கள் வட்டத்தின் மேலேயே போனது.

பி.எஃப். பாரத்தில் கையெழுத்துப் போட ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். மேசைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்டர் தாள்கள் ஒரு கட்டு. அதன் மேல் வெள்ளைக்கல். ஜேசிபிக்காரன் அழகாக இருக்கிறதென்று மேனேஜரிடம் கொடுத்திருக்கிறான். துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்.

எடுத்தேன். தாள் எல்லாம் பறந்தது.

"ஏத்தா, என்ன செய்யுத?"

"இத எடுத்துக்கிடுதேன்."

"அது பேப்பர் வெயிட்டு. கீழ வை."

"இது எங்க வீட்டுப் பொம்பள."

அவர் என்னையும் கல்லையும் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த தாள்களைப் பார்த்தார். "வச்சிட்டுப் போ. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"வரல" என்றேன். கையெழுத்தும் போடவில்லை.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தேன். மடியில் கல். வாட்ச்மேன் என்னை உள்ளே விட முடியாது என்றார். சரி என்றேன். வேலைக்கு வந்த பெண்கள் பதினாறு பேரும் என்ன ஏது என்று கேட்டார்கள். சொன்னேன். பையைக் கீழே வைத்து உட்கார்ந்தார்கள். தீபாவளிக்கு எட்டு வாரம்கூட இல்லை. லாரி இரண்டு லோடுக்கு நின்றது. போர்மேன் வந்தார்.

"என்னத்தா இது, ரூமுக்குப் போகலையா?"

"எழுவத்தெட்டு உள்ள போகட்டும். நாங்களும் போறோம்."

"யாரு அது எழுவத்தெட்டு? அட்டென்டன்ஸுல அம்புட்டுப் பேரு கெடையாதே."

பெண்கள் சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. போய்விட்டார். அன்று ஒரு சரம்கூடப் பின்னவில்லை. மறுநாளும் உட்கார்ந்தோம். மத்தியானம் அவரே திரும்பி வந்தார். "கல்லக் கொண்டா. நீயும் வா. மேனேஜர் கூப்புடுதாரு."

அப்படித்தான் எல்லாரும் வட்டத்துக்குப் போனோம். போகிற நேரத்துக்குப் புதுப்பெண்ணை அவள் மாமியார் கூட்டிக்கொண்டு வந்தாள். மாமியாரும் சரம் பின்னுகிறவள்தான், கல்யாண லீவில் இருந்தாள். ஒன்பதாம் நாளைத் தள்ளிப்போடக் கூடாது என்று மருமகளைக் கூப்பிட வீட்டுக்கு ஓடியிருந்தாள். வாட்ச்மேன் போர்டை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு பேரையும் விட்டார்.

மேனேஜர் பேசினார். "குடோன அந்தப் பக்கம் தள்ளிக்கிடுதேன். இது கெடக்கட்டும். ஆனா வெளக்கு, சூடம், தீ எதுவும் உள்ள வரக் கூடாது. இது வெடிமருந்து இருக்க இடம்."

"இங்கன எப்பவும் தீ கெடையாது அண்ணாச்சி. நீங்க வச்ச டைல்ஸு ரூம்லதான் சூடம் எரியுது."

மேனேஜர் ஒரு விரலை நீட்டினார். "இன்னொண்ணு. இருக்கது இருக்கட்டும். இனிமே புதுசா ஒரு கல்லு வைக்கக் கூடாது. இது கம்பெனி இடம்."

நான் குனிந்து காலியிடத்தில் வெள்ளைக்கல்லை வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். நடுவில் பெரிய கல் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. அது ரோட்டில் இருந்து எப்போது வந்தாலும் வரட்டும். எங்களுக்குக் குழி போதும்.

புதுப்பெண் கல்லை முந்தானையில் பிடித்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மேனேஜரைப் பார்த்தாள். அவளுக்குப் பயம். வேலை அவளுக்கும் வேண்டும்.

"வை" என்றேன்.

"ஏத்தா, நான் என்ன சொன்னேன்?" என்றார் மேனேஜர்.

"கேட்டுச்சு அண்ணாச்சி. வை தாயி."

அவள் உட்கார்ந்து கடைசியில் வைத்தாள். இருக்கன்குடி ஆற்றுக்கல், தட்டையாக இருந்தது. மஞ்சள் பூசினாள். பதினாறு பேரும் அவளுக்கு முன்னால் போய் நின்றார்கள். போர்மேன் ஒரு எட்டு வைத்தார். வாட்ச்மேன் தடியைக் குறுக்கே நீட்டி, "எண்ணிக்கிட்டிருக்கு, நடுவுல போகப்படாது" என்றார்.

புதுப்பெண் எழுந்து முதல் கல்லில் இருந்து எண்ணத் தொடங்கினாள். முதலில் சத்தம் வரவில்லை. பத்துக்கு மேல் வந்தது. அறுபத்தொன்றில் என்னைத் தாண்டினாள். எழுபத்தெட்டு என்றபோது வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டான். மேனேஜர் அவள் முடிக்கிற வரைக்கும் நின்றார். கடைசிக் கல்லுக்கு வந்து, குனிந்து தொட்டு, அவள் எண்ணைச் சொன்னாள்.

தொண்ணூற்று மூன்று.