வேனக்காவின் ஒன்றரை கிலோமீட்டர்

வேனக்காவின் மண் தடத்தில் ஜீப் ஒன்று குட்டிக்கரணம் அடித்துவிட்டதாம். பஞ்சர் கடைக்காரர் தன் மச்சான் சொன்னதாகச் சொன்னார். மச்சானுக்குச் சொன்னது யாரோ ஒரு லாரிக்காரர். சாயங்காலத்துக்குள் ஜீப் இரண்டு துண்டாகி, ஓட்டியவருக்குக் காலே போய்விட்டிருந்தது.

உண்மையில் போனது ஒரு பக்கக் கண்ணாடி. அதுவும் தார் ரோட்டில். மண்ணில் பிடிப்பு வேண்டும் என்பதால், தடத்தில் இறங்குமுன் டயரில் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுவார்கள். வெளியே வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆசாமி ஒரே ஓட்டத்தில் பெரிய சூரனாகிவிட்டார். காற்றடிக்கும் மெஷினைக் காட்டி வேனக்கா கத்தியது அவர் காதில் ஏறவில்லை. தொய்ந்த டயரோடு பறந்து, வளைவில் மின்கம்பத்தை உரசினார்.

இருபத்திரண்டு வருடம் பள்ளி வேன் ஓட்டியதால்தான் அவள் வேனக்கா. "வயசாச்சு" என்று பள்ளியில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மறுவாரமே தன் பங்கு மேட்டு நிலத்தில் மண்வெட்டியோடு இறங்கிவிட்டாள். கரடுமுரடான மண்ணில் ஜீப் ஓட்டிப் பழக ஒன்றரை கிலோமீட்டர் தடம்: ஓர் ஓடை, முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம், ஓர் ஏற்றம். கற்றுக்குட்டிகளுக்கு அது போதும். சட்டம் இரண்டுதான்: நடந்து பார்க்காத இடத்தில் வண்டியை இறக்கக் கூடாது, ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது.

நுழையும் பாதை மட்டும் அண்ணன் பங்கு.

"நாளைக்கு கேட்டைப் பூட்டிடுவேன். ஊரு என்னைத்தான் காறித் துப்புது" என்றார் அண்ணன்.

"பூட்டுங்க. நான் வேலியைப் பிரிச்சு வேற வழி வெட்டிக்கிறேன்."

காலையில் பூட்டோடு வந்தது அண்ணி. "உங்கண்ணனுக்குப் பட்டறையில அவசர வேலை. பூட்டிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்."

"தாராளமா பூட்டுங்க அண்ணி. ஒரு தடவை ஓட்டிட்டுப் பூட்டுங்க. எதைப் பூட்டுறோம்னு தெரிய வேணாமா?"

"நானா? லைசென்ஸ் எடுத்து ஒம்போது வருஷமாச்சு. வண்டியைத் துடைக்கத்தான் விடுவார் மனுஷன்."

"அப்படிப்பட்டவர் பேச்சைக் கேட்டுக்கிட்டா என் வழியை அடைக்க வந்தீங்க?"

அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தடம் முழுக்க நடந்து பார்த்தார். திரும்பி வந்து வேனக்காவின் ஜீப்பில் ஏறி, பூட்டை சீட்டுக்கடியில் வீசிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். வேனக்கா பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பள்ளத்தில் வண்டி ஒருபக்கமாக இறங்கியது. "ஐயோ, சாயுதுடி!"

"சாயட்டும். பிரேக்கை மிதிக்காதீங்க. முதல் கியரே பாத்துக்கும்."

வண்டி முக்கி முனகி வெளியே வந்தது. அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்கா காலு போச்சுன்னாங்க?"

ஏற்றத்தின் பாதியில் அண்ணியின் போன் அலறியது. திரையில் அண்ணன்.

"பூட்டியாச்சான்னு கேப்பார்" என்றாள் வேனக்கா. "வண்டியை நிறுத்தணுமா அண்ணி?"

"தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீதானே?" அண்ணியின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இறுகியிருந்தன. "அடிக்கட்டும்."

போன் ஓய்ந்தது. வண்டி உச்சியை எட்டுமுன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.